பழைய வேனிடம் புதிய எஞ்சின் கேட்கும் கேள்விகள்

பழைய வேன் ஒன்றில் வேறொரு நிறுவனத்தின் புதிய எஞ்சினை ஏற்றியிருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது இரும்பு வேலையைப் பற்றித்தான். கியர்பாக்ஸோடு எப்படிப் பொருந்தியது, தாங்கிகளை எங்கே பற்றவைத்தீர்கள், தரைக்கும் எஞ்சினின் அடிப்பகுதிக்கும் இடைவெளி எவ்வளவு என்று கேட்பார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். அவற்றுக்கெல்லாம் திருத்தமான விடைகளும் உண்டு. ஏற்கெனவே பலர் அளந்து, வெட்டி, கடைந்து பார்த்து முடித்த விடைகள் அவை. நேரத்தை விழுங்குவது வேறு இடம். பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள எஞ்சினை இறக்கிவிட்டு அது இல்லாத எஞ்சினை ஏற்றும்போது, புதிய எஞ்சினின் கணினி வேனிடம் சில செய்திகளை எதிர்பார்க்கிறது. அந்தச் செய்திகளைத் தருவதற்குப் பழைய வேனில் ஆளே இல்லை. வேலையின் பெரும்பகுதி அந்த ஆளை உருவாக்குவதுதான்.

என்னுடையது 1984-ஆம் ஆண்டின் வோக்ஸ்வாகன் டி3 வேன். வட அமெரிக்காவில் வானகன் என்று அழைக்கப்பட்ட அதே வண்டி. எஞ்சின் பின்புறம், சக்தி பின் சக்கரங்களுக்கு, ரேடியேட்டர் மட்டும் முன்புறம். 1979-இல் இந்த வேன் அறிமுகமானபோது காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சினோடுதான் வந்தது. 1983 மாடலுக்குள் நீரால் குளிர்விக்கப்படும் 1.9 லிட்டர் எஞ்சின் அந்த இடத்தைப் பிடித்தது. ஆர்வலர்கள் வாசர்பாக்ஸர் என்று செல்லமாக அழைக்கும் இந்த எஞ்சின், நான்கு சிலிண்டர்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும் வகை. சிலிண்டர் தலைக்கும் நீர் அறைக்கும் நடுவே ஒரு பெரிய ரப்பர் வளையம் இருக்கும். பழைய கூலன்ட்டினால் அந்த விளிம்பில் உலோகம் அரித்துவிட்டால் அங்கிருந்து கசியத் தொடங்கும். என் எஞ்சினும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. அதைத் திரும்பப் புதுப்பிப்பதற்கு ஆகும் செலவையும், கிடைக்கும் 82 குதிரைத்திறனையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது, வேறு எஞ்சின் என்ற எண்ணம் தானாகவே வந்தது.

இந்த வேனுக்கு மாற்று எஞ்சின் என்றால் பலரும் கைகாட்டுவது சுபாருவின் ஈஜே22-ஐத்தான். 1990 மாடல் லெகசி காரோடு வெளிவந்த 2,212 சிசி எஞ்சின்; அதுவும் எதிரெதிர் படுத்த நான்கு சிலிண்டர் வகை. நான் எடுத்தது 1992-இன் லெகசியிலிருந்து. 130 குதிரைத்திறன், சுமார் 186 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. புல்லிப் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு எஞ்சின்களும் கடிகாரத் திசையிலேயே சுற்றுகின்றன என்பதால் கியர்பாக்ஸைத் திருப்பிப் போட வேண்டிய சங்கடம் இல்லை. 1996 வரையிலான ஈஜே22-இல் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது என்பதும் என்னைக் கவர்ந்தது. நெடுந்தொலைவு ஓடும் வேனில் இது சின்ன விஷயம் அல்ல. இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. மேலே, காற்றை உள்ளே கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டின் மீது, நான்கு கம்பிகள் புறப்படும் ஒரு காயில் தொகுப்பு (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் கம்பிச் சுருள்கள்) உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை என்பதை வெறுமனே ஒரு பாகம் குறைந்தது என்று எடுத்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வரும். ஆகவே அது என்னென்ன வேலை பார்த்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் முறையின் வடிவமே பிறகு பல பத்தாண்டுகள் நீடித்தது. ஒரு காயில், அதன் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாயிண்ட், கூடவே ஒரு கண்டென்சர், துண்டிக்கும் கணத்தில் எழும் உயர் மின்னழுத்தத்தை முறைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் கொண்டுசேர்க்கும் ரோட்டர், மூடி. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட்டின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மட்டுமே எரிவதால் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு கிராங்க்ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில் சுழலும். பிற்காலத்தில் பாயிண்ட் போய், என் வேனில் இருந்ததைப் போல, காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் வந்தது. ஆனால் பொறியைப் பங்கிடும் ரோட்டரும் மூடியும் அப்படியே இருந்தன.

பங்கிடுவது அதன் ஒரு வேலைதான். எஞ்சின் இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்வதும் அதுதான். வேகம் கூடக்கூடப் பொறியை முன்கூட்டியே விழச் செய்ய அதன் உள்ளே எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கும். எஞ்சினின் பளு குறைவாக இருக்கும்போது மேலும் சற்று முன்தள்ள, வெளியே ஒரு வெற்றிட டப்பா ஒட்டியிருக்கும். என் 1.9 லிட்டர் எஞ்சினில் எரிபொருளை மட்டும் டிஜிஜெட் கணினி கவனித்தது. பொறியின் நேரத்தை இந்த எடைகளும் டப்பாவுமே தீர்மானித்தன. ஆக, ஒரு கையளவு உலோகக் கூட்டுக்குள் ஒரு முழு கணக்கீடு நடந்துகொண்டிருந்தது. சில எஞ்சின்களில் அதன் தண்டின் கீழ்முனை ஆயில் பம்பையும் சுழற்றும். ஃபோர்டின் 5.0 லிட்டர் வி8 எஞ்சின் 1996 முதல் எக்ஸ்ப்ளோரரில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமல் வந்தபோதும், அதே துளையில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் நிலையைச் சொல்லும் ஒரு சென்சாரைச் சொருகி, அதன் தண்டைக்கொண்டே ஆயில் பம்பைச் சுழற்றினார்கள். அந்த எஞ்சினைப் பழைய ஃபோர்டு வேனில் ஏற்றுபவர்கள் துளையை ஒரு மூடியால் அடைத்துவிட்டால் ஆயில் பம்பு அசையாது. எஞ்சின் சில நிமிடங்களில் கதையை முடித்துக்கொள்ளும். ஈஜே22-இல் ஆயில் பம்பு கிராங்க்ஷாஃப்ட்டின் முனையிலேயே இருப்பதால் எனக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

ஈஜே22-இல் எஞ்சினின் நிலையைச் சொல்வன இரண்டு சென்சார்கள். கிராங்க்ஷாஃப்ட்டின் பல்சக்கரத்தில் மும்மூன்றாக ஆறு புடைப்புகள் உள்ளன. ஒவ்வொரு மூன்றும் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 97, 65, 10 டிகிரி முன்னதாகச் சென்சாரைக் கடந்து செல்லும். கேம்ஷாஃப்ட்டின் சக்கரத்தில் ஏழு புடைப்புகள். எந்த சிலிண்டர் என்பதை அது சொல்லும். இரண்டும் காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட எளிய வகை. வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாம், புடைப்பு கடக்கும்போது தாமே ஒரு சிறிய அலையை எழுப்பும். கணினி இவற்றையும், உள்ளே வரும் காற்றின் அளவையும், கூலன்ட்டின் வெப்பத்தையும் பார்த்து, நினைவில் உள்ள அட்டவணையிலிருந்து பொறியின் நேரத்தை எடுக்கிறது. எடையும் ஸ்பிரிங்கும் ஒரே ஒரு வளைகோட்டைத்தான் தர முடியும். அட்டவணை எந்த வடிவத்தையும் தரும்.

பொறி பங்கிடப்படும் விதம் இன்னும் சுவையானது. ஈஜே22 எரியும் வரிசை 1-3-2-4. இதில் ஒன்றும் இரண்டும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வருகின்றன; மூன்றும் நான்கும் அதேபோல. ஒன்று அழுத்த வீச்சின் முடிவில் இருக்கும்போது இரண்டு புகையை வெளித்தள்ளும் வீச்சின் முடிவில் இருக்கும். ஒரு காயிலின் இரு முனைகளையும் இந்த இரண்டு பிளக்குகளோடு இணைத்துவிட்டால், இரண்டிலும் ஒரே கணத்தில் பொறி விழும். ஒன்று பயன்படும், மற்றொன்று வீண். வீணாகும் பொறி சிறிது சக்தியைத்தான் தின்னும், ஏனென்றால் அழுத்தம் இல்லாத சிலிண்டரில் இடைவெளியைத் தாண்டுவதற்கு மிகக் குறைந்த மின்னழுத்தமே போதும். இந்த யோசனை புதியதும் அல்ல; சிட்ரோயனின் 2சிவி 1948-இலேயே டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமல் இப்படித்தான் இரண்டு சிலிண்டர்களுக்கும் சேர்த்தே பொறி கொடுத்தது. 1980-களில் கணினி வந்தபிறகு பெரிய எஞ்சின்களுக்கும் அது பரவியது.

இதில் கிடைக்கும் ஆதாயத்தை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று. நான்கு சிலிண்டர் எஞ்சினில் சுற்றுக்கு இரண்டு பொறி, ஆகவே நொடிக்கு 200. ஒரே காயில் எல்லாவற்றையும் கவனித்தால் அடுத்தடுத்த பொறிகளுக்கு நடுவே 5 மில்லிவிநாடிதான் கிடைக்கும். அதற்குள் காயில் மீண்டும் நிரம்ப வேண்டும். இரண்டு காயில்கள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிவிநாடி. அதோடு, ரோட்டரின் முனைக்கும் மூடிக்கும் இடையே தாண்ட வேண்டிய காற்றிடைவெளி இல்லை. ஈரத்தில் மூடியின் உட்புறம் மின்கசிவுக் கோடுகள் விழும் தொல்லையும் இல்லை. மழைக்காலக் காலையில் மூடியைக் கழற்றித் துடைத்து ஸ்டார்ட் செய்த பழக்கம் உள்ளவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இரும்பு வேலையை வேகமாகவே கடந்துவிடுகிறேன். வேனின் கியர்பாக்ஸுக்கும் சுபாரு எஞ்சினுக்கும் நடுவே ஓர் இடைத்தகடு, அதற்கேற்ற ஃபிளைவீல், மாற்றிய தாங்கிச் சட்டம், ஆழம் குறைந்த ஆயில் சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி). சம்பைக் குறைத்தால் ஆயிலை உறிஞ்சும் குழாயையும் அதே அளவுக்குக் குறைத்து, குழாயின் வாய்க்கும் சம்பின் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து சரிபார்க்க வேண்டும். வேனின் ஸ்டார்ட்டர் மோட்டார் கியர்பாக்ஸோடு இருப்பதால் அது மாறவில்லை. எரிபொருள் பம்பும் மாறவில்லை: இரண்டு எஞ்சின்களும் ஏறத்தாழ 2.5 பார் அழுத்தத்தில் இயங்குபவை, திரும்பு குழாயும் வேனில் ஏற்கெனவே இருந்தது.

கூலன்ட் வழியை மட்டும் அப்படிக் கடக்க முடியாது. வேனில் ரேடியேட்டர் முன்முனையில், எஞ்சின் பின்முனையில். நடுவே வண்டியின் முழு நீளத்துக்கும் இரண்டு குழாய்கள் போகின்றன. சுபாருவின் காரில் கூலன்ட் வெளியேறும் வாய் ரேடியேட்டரைப் பார்த்து முன்னோக்கி இருக்கும். வேனில் எஞ்சினைத் திருப்பி வைப்பதால் அந்த வாய் பின்பக்கக் கதவைப் பார்க்கிறது. அதைத் திருப்பிவிடும் தனி மேனிஃபோல்டு ஒன்று தேவைப்படுகிறது. அதைவிட நுட்பமானது, சூட்டைப் பொறுத்துக் கூலன்ட்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட். சுபாருவில் அது வெளியேறும் வழியில் இல்லை. தண்ணீர் பம்பின் நுழைவாயிலில், எஞ்சினின் அடியில் இருக்கிறது. 78 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறக்கத் தொடங்கும் அதன் மெழுகுக் குமிழ், எஞ்சினைச் சுற்றி ஹீட்டர் வழியாகத் திரும்பும் சூடான நீர் தன்மீது படுவதை நம்பியிருக்கிறது. சுபாருவின் காரில் அந்த ஹீட்டர் வழி எப்போதும் திறந்திருக்கும். டி3-இலோ ஹீட்டருக்கு அடைப்பான் உண்டு. வெயில்காலத்தில் ஓட்டுநர் அதை மூடிவிடுவார். மூடினால் குமிழின்மீது சூடான நீர் படாது. எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போது தெர்மோஸ்டாட் குளிர்ந்த நீருக்குள் அமைதியாக மூடியபடி கிடக்கும். பிறகு ஒருவழியாகத் திறந்ததும், அவ்வளவு நீளக் குழாய்களில் நின்ற குளிர்நீர் முழுவதும் ஒரே வீச்சில் வந்து அதை மறுபடி மூடும். வெப்பமானியின் முள் மேலும் கீழும் ஆடுவதைக் கண்டு பலர் ரேடியேட்டரையும் பம்பையும் மாற்றுகிறார்கள். ஹீட்டர் அடைப்பானைத் தவிர்த்து எப்போதும் திறந்திருக்கும் ஒரு கிளைக்குழாயைத் தெர்மோஸ்டாட்டின் உட்பக்கத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது. என் வேனில் முள் நிலையாக நிற்பது அந்தக் கிளைக்குழாயினால்தான். காற்றை வெளியேற்றுவதற்கு வண்டியின் மூக்கை உயர்த்தி, ரேடியேட்டரின் மேலுள்ள திருகைத் திறந்து, எஞ்சினைச் சற்றுக் கூடுதல் வேகத்தில் ஓடவிட வேண்டும் என்பது பழைய எஞ்சினுக்கும் பொருந்திய விதிதான்.

இனி வயரிங். சுபாருவிலிருந்து கழற்றிய வயர்க்கட்டு ஒரு முழுக் காருக்கானது: ஏசி, தானியங்கி கியர், க்ரூஸ், டேஷ்போர்டு விளக்குகள் என்று எல்லாமே அதில் பின்னிக்கிடக்கும். அதை ஒரு நீண்ட மேசைமீது விரித்து, சுற்றியிருக்கும் நாடாவை உரித்து, வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியும் எங்கிருந்து எங்கே போகிறது என்று மீட்டரால் பார்த்து, வேண்டாதவற்றை உருவி எடுப்பதுதான் இந்த மாற்றத்தின் உண்மையான உழைப்பு. வெட்டாமல் உருவ வேண்டும் என்பது என் கருத்து. ஒரு கம்பி நடுவில் கிளைத்து மூன்று இடங்களுக்கு எர்த் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒரு முனையில் பயனற்றதாகத் தெரிவது மற்றொரு முனையில் சென்சாருக்கு உயிராக இருக்கும். கணினியின் பக்கத்தில் தொடங்கி வெளியே போவதே நல்லது. கணினியின் ஒவ்வொரு முனைக்கும் வேண்டும், வேண்டாம் என்று எழுதிய பட்டியல் கையில் இருந்தால் கத்தரிக்கோலுக்கு வேலை குறையும்.

வேனின் பக்கம் நல்லவேளையாக எல்லாம் எண்களில் பேசுகிறது. ஜெர்மானிய வண்டிகளின் மின்முனைகளுக்கு ஒரே தரப்படுத்தப்பட்ட எண்முறை உண்டு: 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக, 15 என்றால் சாவி திருப்பியபின், 50 என்றால் ஸ்டார்ட்டர், 31 என்றால் எர்த், 1 என்றால் காயிலின் எதிர்மின் முனை. சுபாருவின் கணினிக்கும் இவற்றில் மூன்று தேவை. எப்போதும் இருக்கும் மின்சாரம் அதன் நினைவுக்கு. சாவி மின்சாரம் அது விழித்தெழ. ஸ்டார்ட்டர் சுழலும் செய்தி, தொடக்கத்தில் எரிபொருளைக் கூட்டித் தர. எரிபொருள் பம்பின் ரிலேயைக் கணினியே எர்த் கொடுத்து இயக்குகிறது; கிராங்க்ஷாஃப்ட் சுற்றவில்லை என்றால் சாவி திருப்பிய சில விநாடிகளில் அது பம்பை நிறுத்திவிடும். விபத்தில் எஞ்சின் நின்றபின் பெட்ரோல் பாய்ந்துகொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பம்பை நேரே சாவியோடு இணைத்தால் வேலை எளிதாகிவிடும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை, யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

காயிலைச் சொடுக்கும் இக்னைட்டர், அந்த ஆண்டுகளின் லெகசியில் காயிலோடு இல்லை. எஞ்சின் அறையின் பின்சுவரில் தனியாகத் திருகப்பட்டிருக்கும். கழற்றும்போது அதை விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் விற்பவர்கள் உண்டு. வேனில் அதை வெறும் நாடாவால் கட்டித் தொங்கவிடக் கூடாது. அதன் சூடு இறங்க உலோகப் பரப்பு வேண்டும். கிராங்க், கேம் சென்சார்களின் கம்பிகளுக்கு மேல் உள்ள கவச உறையையும் வெட்டி எறியக் கூடாது, அதன் ஒரு முனை மட்டும் எர்த்தாக இருக்க வேண்டும். இந்த இரு சென்சார்களின் இரண்டு கம்பிகளையும் மாற்றி இணைத்தால் எஞ்சின் சில சமயம் ஓடவும் ஓடும். ஆனால் அலை தலைகீழாகிக் கணினி தப்பான கணத்தைப் புடைப்பு கடந்த கணம் என்று எடுத்துக்கொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டராக இருந்தால் போல்ட்டைத் தளர்த்தித் திருப்பிச் சரிசெய்துவிடலாம். இங்கே திருப்புவதற்கு எதுவும் இல்லை. நேரம் தவறினால் காரணம் கம்பியிலோ பெல்ட்டிலோ சென்சாரிலோ இருக்கும், அதைத் தேடித்தான் ஆக வேண்டும்.

எர்த் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். எஞ்சின் ரப்பர் தாங்கிகள்மீது உட்கார்ந்திருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து உடலுக்குப் போகும் ஒரே ஒரு பின்னல் பட்டையே வேனில் எல்லாவற்றுக்கும் வழி. பழைய எஞ்சினுக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். சுபாருவின் கணினியோ இன்டேக் மேனிஃபோல்டில் தன் எர்த்தைத் தேடுகிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது மேனிஃபோல்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே அரை வோல்ட் வேறுபாடு வந்தாலும் சென்சார்கள் சொல்லும் எண்கள் எல்லாம் அந்த அளவு பொய்யாகும். மேனிஃபோல்டிலிருந்து பேட்டரியின் எதிர்மின் முனைக்குத் தடித்த கம்பி ஒன்றைத் தனியாக இழுத்துவிட்டேன். பழைய துருப்பிடித்த பட்டையையும் புதியதாக மாற்றினேன். இதற்கு ஆகும் செலவு அற்பம். இது இல்லாவிட்டால் வரும் கோளாறுகளோ தேடித் தேடியும் பிடிபடாதவை.

வேகச் செய்திக்கு வருவோம். பழைய வேன் பதில் தெரியாமல் விழிக்கும் இடம் இதுதான். லெகசியில் ஸ்பீடாமீட்டருக்குள் ஒரு சிறு காந்த ஸ்விட்ச் இருந்து, கேபிளின் ஒரு சுற்றுக்கு நான்கு துடிப்புகளைக் கணினிக்கு அனுப்பும். ஜப்பானிய வழக்கப்படி கேபிள் கிலோமீட்டருக்கு 637 முறை சுற்றுவதால், கிலோமீட்டருக்கு 2,548 துடிப்புகள். வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்பதை வைத்தே கணினி ஐடில் வேகத்தைக் கையாளும் விதத்தை மாற்றிக்கொள்கிறது. இந்தச் செய்தி இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரிவது ஒருபுறம் இருக்க, சிக்னலை நெருங்கும்போது கிளட்சை மிதித்ததும் எஞ்சின் சுருண்டு நின்றுவிடுவதும் உண்டு. டி3-இல் ஸ்பீடாமீட்டர் கேபிள் முன் இடது சக்கரத்தின் மையத்திலிருந்து வருகிறது. எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே முழு வண்டி. கேபிளின் நடுவே சொருகும் சென்சார்களும் கிடைக்கின்றன என்றாலும், பின் அச்சுத்தண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அவ்வளவு நீளக் கம்பி எனக்குத் தேவையாகப் படவில்லை. 185ஆர்14 டயர் கிலோமீட்டருக்கு 490 முதல் 500 சுற்று வரை சுற்றும். 2,548-ஐ அதனால் வகுத்தால் ஐந்தை ஒட்டி வருகிறது. தண்டின் விளிம்பில் சம இடைவெளியில் ஐந்து காந்தங்களை ஒட்டி, எதிரே ஒரு ஹால் சென்சாரை நிறுத்தினால், கணினி எதிர்பார்ப்பதற்குச் சில சதவீதம் குறைவான துடிப்புகள் கிடைக்கின்றன. ஸ்பீடாமீட்டரில் காட்டுவதற்கு அது போதாது, கணினிக்குத் தாராளம்.

எஞ்சினின் சுற்று வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரின் கதை சிறியது. வேனின் டேக்கோமீட்டர் காயிலின் 1-ஆம் முனையில் எழும் உயர்ந்த துடிப்பை நம்பி வாழ்ந்தது. இப்போது காயில் இரண்டு, ஒவ்வொன்றும் பாதித் துடிப்புகளைத்தான் தருகிறது. சுபாருவில் டேக்கோவுக்கென்றே ஒரு தனிக் கம்பி உண்டு. அது சாதுவான துடிப்பைத் தருவதால் மின்னழுத்தத்தை உயர்த்த ஒரு தடையோ சிறு மின்சுற்றோ தேவைப்படலாம். வெப்பமானிக்கு வேனின் சொந்த சென்சாரையே புதிய கூலன்ட் மேனிஃபோல்டில் பொருத்திக்கொண்டேன். கணினிக்குச் சுபாருவின் சென்சார் தனியாக இருக்கட்டும். இரண்டின் தடை மதிப்புகளும் வேறு. ஒன்றை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் மானியும் பொய் சொல்லும், கலவையும் கெடும். ஆல்டர்னேட்டரின் எச்சரிக்கை விளக்குக் கம்பி மட்டும் மறுபேச்சின்றி ஒத்துப்போயிற்று.

இவ்வளவு தொல்லை எதற்கு, டிஸ்ட்ரிபியூட்டரையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். செவர்லேயின் எல்எஸ் வகை வி8-க்கு முன்மூடியில் டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தி, கார்பரேட்டரோடு ஓட்டுவதற்கான பாகங்களே விற்பனையில் உண்டு. எளிமையை விரும்புபவர்களின் தேர்வை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எரிபொருளும் பொறியும் ஒரே கணினியின் கையில் இருப்பதே இந்த எஞ்சின்களின் பலம். ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கலவையைத் திருத்திக்கொள்ளும் எஞ்சினிலிருந்து அந்தத் திறனைப் பிடுங்கிவிட்டால், மிஞ்சுவது பழைய எஞ்சினைவிடச் சற்றுப் பெரிய இன்னொரு பழைய எஞ்சின். பல நாடுகளில் எஞ்சின் மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்றுவதற்குப் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகள் அனைத்தும் இருக்க வேண்டும் என்பதும் கணக்கில் வர வேண்டியது. வேலையைத் தொடங்குமுன் அந்த விதியைப் படிப்பது நல்லது.

முதல்முறை ஸ்டார்ட் செய்யுமுன் காயில் தொகுப்பின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றினேன். பிறகு இணைப்பைப் பொருத்திச் சாவியைத் திருப்பியதும், அதிகம் முனகாமல் பிடித்துக்கொண்டது. டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வீணாகும் பொறியையும் லைட் எண்ணிக்கொள்ளும் என்பதால், வேகத்தை எண்ணில் காட்டும் வகை லைட்டுகள் இருமடங்கு காட்டும், டிகிரியைத் திருகிப் பின்னோக்கி அளக்கும் லைட்டுகளின் கணக்கும் அதனால் பிசகும். இவ்வகை எஞ்சினுக்கென்றே பொத்தான் உள்ள லைட் இருந்தால் சிக்கல் இல்லை. பிளக்குகளின் தேய்மானத்திலும் இந்த இரட்டைப் பொறியின் தடம் தெரியும். ஒரு காயிலின் இரு முனைகளில் ஒன்றில் மின்சாரம் நடுமுனையிலிருந்து ஓரமுனைக்கும், மற்றதில் ஓரத்திலிருந்து நடுவுக்கும் பாய்வதால், ஜோடியில் ஒரு பிளக்கின் நடுமுனையும் மற்றதன் ஓரமுனையும் விரைவாகக் கரையும். இரு முனைகளிலும் பிளாட்டினம் உள்ள பிளக்குகள் இதற்காகத்தான்.

ஓட்டத்தில் தெரியும் மாற்றம் எதிர்பார்ப்பவர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. பழைய 1.9 லிட்டர் தன் உச்ச முறுக்குவிசையை 2,600 சுற்றிலேயே தந்துவிடும். ஈஜே22-க்கு அது 4,400-இல். ஆகவே நின்ற இடத்திலிருந்து புறப்படுவதில் பிக்கப் ஓரளவே கூடியிருக்கிறது. நெடுஞ்சாலையில் மேடு ஏறும்போது மூன்றாம் கியரில் எஞ்சினைத் தயங்காமல் மேலே சுற்றவிடும்போதுதான், முன்பு லாரிகளுக்குப் பின்னால் ஒதுங்கி ஊர்ந்த வண்டி இது என்பது மறந்துபோகிறது. அந்தச் சுகத்துக்கு விலை கியர்பாக்ஸின் தலையில் விழுகிறது. 140 நியூட்டன் மீட்டரை ஒட்டி வாங்கிப் பழகிய பல்சக்கரங்கள் இப்போது 186 வரை வாங்குகின்றன. அதனால் கியர் ஆயிலை முன்பைவிட அடிக்கடி மாற்றுகிறேன். கனமான சுமையோடு மேட்டில் நான்காம் கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தித் தொடர்வதைத் தவிர்க்கிறேன்.

கருவிப்பெட்டியில் இருப்பவையும் மாறிவிட்டன. ரோட்டரும் மூடியும் இருந்த இடத்தில் இப்போது ஒரு கிராங்க் சென்சார், ஓர் உபரி ரிலே, வெட்டித் திருத்திய வயரிங்கின் வரைபடம். அந்தச் சென்சார் செத்தால் எஞ்சின் எந்த முன்னறிவிப்பும் தராமல் நின்றுவிடும். டிஸ்ட்ரிபியூட்டரைப்போல இருமித் திணறிப் பிழைக்கும் குணம் அதற்கு இல்லை. ஆனால் கேட்டால் காரணம் சொல்லும். கணினிக்குப் பக்கத்தில் தொங்கும் கறுப்பு இணைப்புகள் இரண்டையும் சேர்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு சிமிட்டும்: நீளமாக ஒன்று, குறுகலாக ஒன்று என்றால் 11, அது கிராங்க் சென்சார், நீளமாக மூன்று, குறுகலாக மூன்று என்றால் 33, வேகச் சென்சார். வேனின் டேஷ்போர்டில் இதற்கென்று ஒரு விளக்கைப் பொருத்தி, குறியீடுகளின் பட்டியலை வரைபடத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பச்சை இணைப்புகளைச் சேர்த்தால் பம்பும் வால்வுகளும் ஒவ்வொன்றாகச் சொடுக்கிக் காட்டும் என்பதால், அவை கைக்கு எட்டும்படி இருக்கையின் அடியிலேயே விட்டுவைத்திருக்கிறேன்.